கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவது எப்படி: வன்னி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்து, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி பற்றிய பேச்சு ஓய்வதற்குள்ளேயே கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களின் பல வீடுகளில் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வார். அது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று தெரிந்தால், பெற்றோர் பங்குத்தந்தையிடம் சென்று, "ஃபாதர், இது நல்ல இடமோ?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது முகவர் நிலையம் கொடுத்த ஒரு துண்டுப்பிரசுரமும், அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட ஒரு தரவரிசை எண்ணும்தான்.

தரவரிசை, மாணவர் தொகை, விரிவுரையாளர் விபரம், கட்டணம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஆனால் துண்டுப்பிரசுரங்கள் காட்டும் வரிசையில் அல்ல. தரவரிசையைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே என் நிலைப்பாடு. வயலையோ நகையையோ ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு முதலில் தெரியவேண்டியவை இரண்டு: நான்கு ஆண்டுகளுக்கும் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும், அங்கு சேரும் மாணவர்களில் எத்தனை பேர் பட்டத்துடன் வெளியேறுகிறார்கள். இவ்விரண்டுக்கும் தரவரிசை எண் பதில் சொல்லாது.

தாளைத் தயார் செய்தல்

ஒரு கொப்பித் தாளைக் குறுக்காக வைத்து நிரல்கள் போடுங்கள். முதலாவது நிரலின் தலைப்பில் எந்த வெளிநாட்டுப் பெயரையும் எழுதவேண்டாம். பிள்ளைக்கு உள்ளூரில் கிடைக்கக்கூடிய இடத்தை எழுதுங்கள். அது 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமாக இருக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களில் ஒன்றாகவும் இருக்கலாம். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவருக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. தகுதியுள்ளோருக்கு மகாபொல புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ கிடைக்கும். வன்னி மாவட்டங்களுக்கு அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடும் உண்டு. இந்த நிரல் தாளில் இருந்தால், அடுத்துவரும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பெயரும் தன் செலவுக்கான காரணத்தை அதன் அருகில் நின்று சொல்லவேண்டியிருக்கும். வெளிநாட்டுக்குப் போகவேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டணமில்லாமல் கிடைக்கும் ஓரிடத்தை விட்டுப் போகும்போது எதை விடுகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தக் கல்வியாண்டுக்குரியது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சிறியதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு குறிக்கப்படாத எண்ணைத் தாளில் ஏற்றவேண்டாம்.

படி 1: எந்த நிறுவனம் என்பதை உறுதிசெய்தல்

கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களில் ஒரே பெயர் பல இடங்களில் வழங்குகிறது. லொயோலா என்ற பெயரில் சிக்காகோவில் ஒன்று, மேரிலாண்டில் ஒன்று, நியூ ஓர்லியன்சில் ஒன்று, சென்னையில் ஒன்று என இருக்கின்றன. எல்லாம் இயேசு சபை மரபைச் சேர்ந்தவையென்றாலும் வெவ்வேறு நிறுவனங்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1842இல் திருச்சிலுவைச் சபைக் குருக்கள் நிறுவிய நோட்டர் டேம் வேறு, அவுஸ்திரேலியாவின் நோட்டர் டேம் வேறு. பெல்ஜியத்தில் 1425இல் தொடங்கிய லூவன் பல்கலைக்கழகம் மொழிப் பிரச்சினையால் 1968இல் பிரிந்து, டச்சு மொழியில் ஒன்றும் பிரெஞ்சு மொழியில் ஒன்றுமாக இரு பல்கலைக்கழகங்களாயிற்று. ஒன்றின் தரவரிசை மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே பெயருடன் நகரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது, அது பல்கலைக்கழகமா, கல்லூரியா என்பது. சென்னை லொயோலா 1925இல் தொடங்கப்பட்டு 1978 முதல் தன்னாட்சியுடன் இயங்கும் புகழ்பெற்ற கல்லூரி. ஆனால் அதன் பட்டங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டங்கள். பெங்களூரின் கிறைஸ்ட் 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, அதாவது தானே பட்டம் வழங்கும் உரிமை, பெற்றது. இந்தியத் தேசிய நிறுவனத் தரவரிசையில் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனிப் பட்டியல் இருப்பதால், ஒன்றில் 10ஆம் இடத்தையும் மற்றதில் 60ஆம் இடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

மூன்றாவது, பட்டத்தின் ஏற்பு. வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்கும்போது எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்கிறது. பிள்ளை படித்துவிட்டு வந்து முல்லைத்தீவில் ஆசிரியராகவோ பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தராகவோ விண்ணப்பிக்கும் நாளில் இந்த ஏற்பே முதலில் கேட்கப்படும். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரமும் தனியாகத் தேவை. இறையியல் படிக்க விரும்புவோர், திருப்பீடத்தின் (வத்திக்கானின்) பெயரால் வழங்கப்படும் திருச்சபைப் பட்டத்தையும் நாட்டின் சட்டப்படி வழங்கப்படும் பட்டத்தையும் பிரித்தறியவேண்டும்; வாஷிங்டனில் 1887இல் அமெரிக்க ஆயர்கள் நிறுவிய அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகையும் உண்டு.

கத்தோலிக்கர் அல்லாத பெற்றோரும் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. இந்தப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக எல்லாச் சமயத்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன. எனினும் அமெரிக்காவின் நோட்டர் டேம், ஜோர்ஜ்டவுன் போன்றவற்றில் இறையியல், மெய்யியல் பாடங்கள் இளமாணி மாணவர் எல்லோருக்கும் கட்டாயம் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான திருச்சபையின் அடிப்படை ஆவணத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று, அதாவது மடுமாதா ஆவணித் திருவிழா நாளில், வெளியிட்டார். உரிய திருச்சபை அதிகாரியின் சம்மதமின்றி எந்தப் பல்கலைக்கழகமும் "கத்தோலிக்க" என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்று அது விதிக்கிறது. ஆகவே அப்பெயரைத் தாங்கிய, ஆனால் மறைமாவட்டத்துக்கோ துறவற சபைக்கோ தொடர்பு காட்டாத நிறுவனத்தைக் கண்டால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

படி 2: கட்டணம்

இந்தப் பகுதியில் அவசரப்படவேண்டாம். மற்றைய மூன்றையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். இதற்கு அதிக நேரம் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் பெரிதாகக் காட்டப்படுவது கற்பித்தற் கட்டணம் மட்டுமே. அதற்கு மேல் ஏனைய கட்டாயக் கட்டணங்கள், விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி, புத்தகம், விமானச் சீட்டு ஆகியவை இருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இவற்றையெல்லாம் சேர்த்து "மொத்த வருகைச் செலவு" என்று ஒரு தொகையை வெளியிடுகின்றன. அதையே தாளில் எழுதுங்கள். பின்னர் அதிலிருந்து புலமைப்பரிசிலைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் குடும்பத்தின் எண்.

இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். அ என்ற பல்கலைக்கழகத்தின் கற்பித்தற் கட்டணம் ஆண்டுக்கு 60,000 டொலர், ஏனைய செலவு 20,000 டொலர், மொத்தம் 80,000. பாதிக் கட்டணப் புலமைப்பரிசில் என்று 30,000 டொலர் தருகிறார்கள். மிஞ்சுவது 50,000. ஆ என்ற பல்கலைக்கழகத்தின் கட்டணம் 35,000, ஏனைய செலவு 15,000, மொத்தம் 50,000. புலமைப்பரிசில் 10,000 மட்டுமே. மிஞ்சுவது 40,000. துண்டுப்பிரசுரத்தில் "50 வீதப் புலமைப்பரிசில்" என்று மின்னுவது அ. ஆனால் டொலருக்கு 300 ரூபாய் என்று பார்த்தால், அதற்கு ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் கட்டவேண்டும். மற்றதற்கு ஒரு கோடியே 20 இலட்சம்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. புலமைப்பரிசில் வீதமாகத் தரப்படுகிறதா, நிலையான தொகையாகவா? கட்டணம் ஆண்டுதோறும் 4 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், முதலாமாண்டில் 60,000ஆக இருப்பது நான்காமாண்டில் ஏறத்தாழ 67,500 ஆகும். நான்கு ஆண்டுகளின் கூட்டுத்தொகை 240,000 அல்ல, ஏறத்தாழ 254,800. நிலையான தொகைப் புலமைப்பரிசில் என்றால், இடைப்பட்ட 14,800 டொலரும் முழுவதுமாக உங்கள் தலையில் விழும். 300 ரூபாய் விலையில் அது 44 இலட்சத்துக்கு மேல். அத்துடன், எந்தச் சராசரிப் புள்ளிக்குக் கீழே இறங்கினால் புலமைப்பரிசில் நிறுத்தப்படும் என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதலாவது ஆண்டு கடினமாக இருக்கும். அந்த ஆண்டிலேயே நிபந்தனை இறுக்கமாக இருந்தால் அது பெரிய ஆபத்து.

ரூபாயின் பெறுமதியையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த வேளையில் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கட்டணம் டொலரில் மாறவேயில்லை. இங்கே வீட்டில் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாயிற்று. நான்காண்டுக் கணக்கை இன்றைய விலையில் ஒரு முறையும், அதைவிட 50 வீதம் கூடிய விலையில் ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கணக்கில் குடும்பம் தாக்குப்பிடிக்காது என்றால், அந்தப் பெயரைத் தாளிலிருந்து நீக்குவதே நல்லது.

பட்டியல் விலையைப் பார்த்துப் பயந்து விலகுவதும் தவறாகலாம். அமெரிக்காவின் நோட்டர் டேம் போன்ற இடத்தின் கற்பித்தற் கட்டணம் ஆண்டுக்கு 60,000 டொலருக்கு மேல். ஆனால் 2024 செப்டெம்பரில் அது, வெளிநாட்டு மாணவர் உட்பட எல்லா இளமாணி விண்ணப்பதாரர்களையும் பண வசதியைப் பார்க்காமல் தெரிவுசெய்வதாகவும், அனுமதி பெற்றோரின் தேவையைக் கடன் இன்றி முழுமையாக ஈடுசெய்வதாகவும் அறிவித்தது. அனுமதி கிடைப்பது மிக மிகக் கடினம். கிடைத்தால் வன்னியின் ஏழைக் குடும்பத்துக்கும் அது இயலாத இடமல்ல. இவ்வாறு வெளிநாட்டு மாணவரின் முழுத் தேவையையும் ஈடுசெய்பவை மிகச் சில. பெரும்பாலானவற்றில் வெளிநாட்டவருக்குத் திறமைப் புலமைப்பரிசில் மட்டுமே.

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று அறிய நல்ல வழி, "கொமன் டேட்டா செட்" என்ற பொதுத் தரவு ஆவணம். பல்கலைக்கழகத்தின் பெயருடன் அந்தச் சொற்றொடரைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் எச் என்ற பகுதியின் 6ஆவது கேள்வியில், உதவி பெற்ற வெளிநாட்டு இளமாணி மாணவர் எத்தனை பேர், சராசரித் தொகை எவ்வளவு என்று இருக்கும். முகவர் "எல்லோருக்கும் கிடைக்கும்" என்று சொன்ன புலமைப்பரிசிலை அங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பெற்றிருப்பதைப் பார்க்க நேரலாம்.

படி 3: மாணவர் தொகை

மொத்த எண் தனியாக எதையும் சொல்லாது. மணிலாவில் தொமினிக்கன் சபையினர் 1611இல் நிறுவிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 40,000 பேர் படிக்கிறார்கள். வாஷிங்டனின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சில ஆயிரம் பேர். பெரியது நல்லதென்றோ சிறியது நல்லதென்றோ சொல்லமுடியாது. அந்த எண்ணை இளமாணி, முதுமாணி, முழுநேரம், பகுதிநேரம், இணையவழி, வெளிநாட்டவர் என்று பிரித்து எழுதுங்கள். 9,000 மாணவர் என்று சொல்லும் ஓரிடத்தில் 4,000 பேர் இணையவழியில் படிப்பவர்களாக இருந்தால், வளாகத்தில் உங்கள் பிள்ளை காணப்போவது 5,000 பேரின் பல்கலைக்கழகத்தையே.

அதைவிட முக்கியமானது போக்கு. கடந்த பத்து ஆண்டுகளின் மாணவர் தொகையை ஆண்டுவாரியாக எழுதுங்கள். தொடர்ந்து சரிந்துகொண்டே வரும் சிறிய நிறுவனங்களைப் பற்றி நான் மிகுந்த கவலையுடன் எச்சரிக்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹோலி நேம்ஸ், விஸ்கொன்சினின் கார்டினல் ஸ்ட்ரிச் ஆகிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் 2023இலும், பென்சில்வேனியாவின் கப்ரினி, ஒஹாயோவின் நோட்டர் டேம் கல்லூரி ஆகியவை 2024இலும் மூடப்பட்டன. மாணவர் கட்டணத்தை நம்பி இயங்கும் சிறிய நிறுவனத்தில் மாணவர் தொகை குறையும்போது வருமானமும் குறைகிறது. முதலில் துறைகள் மூடப்படும், பிறகு கதவே மூடப்படும். உள்ளூர் மாணவர் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம். விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அது அவ்வளவு எளிதல்ல. இத்தகைய இடங்கள் வெளிநாட்டு மாணவரைத் தேடி அதிகப் புலமைப்பரிசில் வழங்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதே பகுதியில் இரண்டு வீதங்களைச் சேருங்கள். முதலாமாண்டு முடித்து இரண்டாமாண்டுக்குத் திரும்பியோர் எத்தனை வீதம்? ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தோர் எத்தனை வீதம்? அமெரிக்க நிறுவனங்களுக்கு இவை பொதுத் தரவு ஆவணத்தின் பி பகுதியிலும், அந்நாட்டுக் கல்வித் திணைக்களத்தின் கொலிஜ் நெவிகேட்டர் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியானாவின் நோட்டர் டேமில் பட்டம் முடிக்கும் வீதம் 95ஐத் தாண்டும். 50 வீதமளவில் இருக்கும் இடங்களும் உண்டு. பாதிப்பேர் பட்டமின்றி வெளியேறும் இடத்துக்கு ஈடு வைத்த பணத்துடன் பிள்ளையை அனுப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 4: விரிவுரையாளர்கள்

"13 மாணவருக்கு ஒரு விரிவுரையாளர்" என்பது போன்ற விகிதம் எல்லாப் பிரசுரங்களிலும் இருக்கும். நெல் விற்கும்போது மூடை விலையைக் கேட்குமுன் மூடை எத்தனை கிலோ என்று கேட்போம் அல்லவா, அதுபோல இங்கும் எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்கவேண்டும். பொதுத் தரவு ஆவணத்தின் விதிப்படி, முழுநேரத்தவருடன் பகுதிநேரத்தவரில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 6,000 முழுநேர மாணவரும் 900 பகுதிநேர மாணவரும் இருந்தால் 6,300. 400 முழுநேர விரிவுரையாளரும் 300 பகுதிநேர விரிவுரையாளரும் இருந்தால் 500. விகிதம் 13க்கு 1 என்று வரும். ஆனால் மாலையில் விரிவுரை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும் பகுதிநேரத்தவரை விட்டுவிட்டால், அதே இடத்தில் 16க்கு 1. அதே ஆவணத்தின் ஐ (I) என்ற பகுதியில் முழுநேர, பகுதிநேர எண்ணிக்கை தனித்தனியாக இருப்பதால் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். அதே பகுதியில் வகுப்புகளின் பருமன் பற்றிய அட்டவணையும் இருக்கிறது: 20 பேருக்குக் குறைந்த வகுப்புகள் எத்தனை, 50 பேருக்கு மேற்பட்டவை எத்தனை என்று.

இவையெல்லாம் பல்கலைக்கழகங்கள் தாமே அறிவிக்கும் எண்கள் என்பதால் விழிப்பும் தேவை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அல்லாத, பெரும் புகழ்கொண்ட கொலம்பியாப் பல்கலைக்கழகம்கூட, வகுப்புப் பருமன், விரிவுரையாளர் தகைமை பற்றிய எண்கள் பிழையானவை என்று அதன் சொந்தக் கணிதப் பேராசிரியர் ஒருவர் 2022இல் வெளிப்படுத்தியபின், அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடத்திலிருந்து 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

ஆகவே பல்கலைக்கழக மொத்தத்துடன் நிற்காமல், பிள்ளை படிக்கப்போகும் துறையின் பக்கத்தைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கணினி விஞ்ஞானத்தில் முழுநேரத்தவர் எத்தனை பேர், அவர்களில் கலாநிதிப் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், கடைசி மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஆய்வு வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதே எண்ணிக்கையை உங்கள் தாளின் முதலாவது நிரலுக்கும் எடுங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் பேர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்திருப்பதைக் காணலாம்.

படி 5: தரவரிசை

இப்போதுதான் தரவரிசையின் முறை. எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்ற மூன்றும் இல்லாத தரவரிசை எண்ணை ஏற்கவேண்டாம். நோட்டர் டேமும் ஜோர்ஜ்டவுனும் யூ.எஸ். நியூஸ் வெளியிடும் அமெரிக்கத் தேசியப் பட்டியலில் வழக்கமாக முதல் 25க்குள் வருகின்றன, கியூ.எஸ். உலகப் பட்டியலின் அண்மைய பதிப்புகளில் இரண்டும் 200க்கு அப்பால் நிற்கின்றன. அதே உலகப் பட்டியலில் டச்சு மொழி லூவன் முதல் 100க்குள் இருக்கிறது. ஆனால் லூவனின் இளமாணிக் கற்கைநெறிகளில் பெரும்பாலானவை டச்சு மொழியில் என்பதால், உயர்தரம் முடித்த வன்னி மாணவருக்கு அந்த இடம் அநேகமாகப் பயன்படாது. முதுமாணிக்குப் போவோருக்கு அது மிக நல்ல தெரிவு.

ஏன் இந்த இடைவெளி? பட்டியல்கள் அளப்பது வெவ்வேறு பொருட்களை. ஷாங்காய் பட்டியல் என்ற இன்னோர் உலகப் பட்டியலில் 30 வீதப் புள்ளி, நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் போகிறது. இளமாணிக் கற்பித்தலைத் தம் முதன்மைப் பணியாகக் கருதும் கத்தோலிக்க நிறுவனங்கள் அங்கு மேலே வருவது அரிது. கியூ.எஸ். பட்டியல் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் மாணவர்–ஆசிரியர் விகிதத்துக்கான புள்ளியை 20 வீதத்திலிருந்து 10 ஆகவும், கல்விசார் நற்பெயருக்கானதை 40இலிருந்து 30 ஆகவும் குறைத்து, புதிதாக மூன்று அளவுகோல்களைச் சேர்த்தது. பல்கலைக்கழகத்தில் எதுவும் மாறாமலேயே இடம் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. சென்னை லொயோலா இந்தியக் கல்லூரிகள் பட்டியலில் 2021இல் 3ஆம் இடத்திலும் 2023இல் 7ஆம் இடத்திலும் இருந்தது; இரண்டு ஆண்டுகளில் கல்லூரி அந்த அளவுக்குத் தரம் குறைந்துவிட்டது என்று யாரும் கருதமாட்டார்கள்.

எனவே ஐந்து ஆண்டுகளின் இடங்களை எழுதி, ஒரு பரந்த வட்டமாக மட்டும் பாருங்கள்: முதல் 100, 100 முதல் 300, அதற்கு அப்பால் என்று. பாடவாரித் தரவரிசை இருந்தால் மொத்தத் தரவரிசையைவிட அதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். அமெரிக்காவில் "பிராந்தியப் பல்கலைக்கழகங்கள்" என்ற தனிப் பட்டியல் உண்டு. அதில் 5ஆம் இடம் என்பதை முகவர் "அமெரிக்காவில் 5ஆம் இடம்" என்று சொன்னால், பட்டியலின் முழுப்பெயரைக் கேளுங்கள்.

படி 6: எழுத்தில் கேட்டல்

தாளில் இரண்டு அல்லது மூன்று பெயர்கள் மிஞ்சியபின், பிள்ளையே தன் பெயரில் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கும் நிதியுதவிப் பிரிவுக்கும் மின்னஞ்சல் எழுதவேண்டும். முகவர் ஊடாக அல்ல. பல நிறுவனங்கள் சேரும் மாணவர் கணக்கில் முகவருக்குத் தரகு கொடுக்கின்றன. கேட்கவேண்டியவை: புலமைப்பரிசில் நான்கு ஆண்டுக்கும் உறுதியா, அதைத் தக்கவைக்கும் நிபந்தனை என்ன, கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டணம் எத்தனை வீதம் உயர்ந்தது, இக்கற்கைநெறி தொடர்ந்து நடக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம், விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா. தெளிவான பதில் ஒரு வாரத்தில் வந்தால் நல்ல அறிகுறி. பதிலுக்குப் பதிலாகக் கட்டணம் கட்டும் இணைப்பு மட்டும் வந்தால் அதையும் தாளில் குறித்துவையுங்கள்.

முற்பணம் கட்டுமுன், விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாட்களுக்குள், எவ்வளவு கழிக்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சலிலேயே பெறுங்கள். பணத்தை முகவரின் கணக்குக்கு அல்லாமல், வங்கியூடாகப் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்பி, வங்கி தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பக் கோப்பில் வையுங்கள்.